மணிலாக்கொட்டை ஈடும் பாங்கிக் கடனும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மணிலாக்கொட்டை களத்திற்கு வந்தவுடனே விற்கப்படுவது நெடுநாளைய வழக்கமாகும். சாகுபடிச் செலவுக்கு மண்டியில் வாங்கிய முன்பணத்தைத் தீர்க்கவேண்டியிருப்பதே இதற்கு முக்கிய காரணம். மார்கழிப் பட்டத்து மகசூல் பங்குனி, சித்திரையில் ஒருசேர வந்து குவியும்பொழுது விலை இறங்குவது இயற்கை. கடனுக்கு வட்டி இவ்வளவென்று குடியானவர் கணக்கிட்டுவிடுகிறார். பணம் கொடுத்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கே சரக்கைப் போடுவதால் உண்டாகும் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

முன்பணத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. ஏற்றுமதி வர்த்தகரின் பணம் தரகர்கள், கிராம வியாபாரிகள் கைமாறிக் குடியானவரை அடைந்தது. சரக்கு அதே வழியில் திரும்பிச் சென்றது. குடியானவர்களின் கடன் நிலையை ஆராய 1892-இல் சென்னை சர்க்காரால் நியமிக்கப்பட்ட பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ரைபைசன் முறையைப் பின்பற்றிக் கிராம நாணய சங்கங்கள் அமைக்குமாறு சிபாரிசு செய்தார். 1904-இல் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் பிறந்தது.

வர்த்தக பாங்கிகளோ நகரங்களிலேயே நின்றன. 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, குடியானவர் பெற்ற கடன் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறக்குறைய 70 ரூபாய் லேவாதேவிக்காரருடையது; கூட்டுறவின் பங்கு சுமார் 3 ரூபாய்; வர்த்தக பாங்கிகளின் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை. 1969 ஜூலை 19-இல் 14 பாங்கிகள் தேசவுடைமையான பின்னரே அவற்றின் கிளைகள் கிராமங்களில் பெருகின.

பாங்கி எதை நம்பிக் கொடுக்கிறது?

பாங்கியிலுள்ள பணம் பிறருடைய வைப்புத் தொகை. கேட்டபொழுது திருப்பித் தரவேண்டியது. ஆகையால் எளிதில் பணமாக்கக்கூடிய ஈட்டையே அது விரும்பும். நிலத்தை ஏலத்திற்குக் கொண்டுவர வெகுகாலம் செல்லும். நிற்கும் பயிர் மழையை நம்பியது. நிறுக்கப்பட்டு, தரம் பார்க்கப்பட்டு, மூன்றாமவர் கிடங்கில் ரசீதுடன் இருக்கும் மூட்டையே நல்ல ஈடாகும். இதற்கு அஸ்திவாரமாகச் சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்கள் மார்க்கெட் சட்டமும், 1956-இல் கிடங்குக் கழகங்களுக்கான மத்தியச் சட்டமும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958-இல் தோன்றியது. 2007-ஆம் வருஷத்துக் கிடங்குச் சட்டம் 2010-இல் அமுலுக்கு வந்தபின், பதிவு பெற்ற கிடங்கின் ரசீதைக் கையெழுத்திட்டுப் பிறருக்கு மாற்றிக்கொடுக்கவும் இயலுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் உள்ளன.

ஓர் உதாரணக் கணக்கு

ஒருவரிடம் 1,00,000 ரூபாய் பெறுமான கொட்டை இருப்பதாகக் கொள்வோம். முக்கால் பங்கு மதிப்புக்கு, அதாவது 75,000 ரூபாய்க்கு, நான்கு மாதம் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வீதம் வெளியில் வாங்கினால் வட்டி 6,000 ரூபாய். வருஷத்துக்கு 9 சதவீதமானால் 2,250 ரூபாய். இந்நான்கு மாதத்தில் விலை நூற்றுக்கு 5 ரூபாய் உயர்ந்தால் வரவு 5,000 ரூபாய். பாங்கி வட்டியும் கிடங்கு வாடகையும் போக மிச்சம் உண்டு. வெளிவட்டிக்கோ வரவு முழுதும் போதாது.

ஆயினும் விலை ஏறும் என்பதற்கு உறுதி கிடையாது. வட்டி வளர்வதையும், கொட்டை காய்ந்து எடை குறைவதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். ஈரத்தோடு அடைத்த மூட்டையில் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். அத்தகைய சரக்கு ஈட்டுக்கும் உதவாது, விலைக்கும் உதவாது. நன்றாக உலர்த்திய கொட்டையையே கிடங்கில் வைக்கவேண்டும். தவணைக்குள் விற்றுத் தீர்ப்பது விவேகம். மேலும் விலை ஏறுமென்று தவணை தப்புவது அடுத்த கடனையும் கெடுக்கும்.

செக்கு வைத்திருப்போரும் சில்லறை வியாபாரிகளும்

இவர்களுக்கு 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரையில் ஈடின்றிக் கடன் பெற வழி செய்யப்பட்டது. ஈடு இல்லாத இடத்தில் கணக்கே ஈடாகிறது. தினசரி வரவு செலவுப் புத்தகமும், பாங்கிக் கணக்கின் வழியே நடக்கும் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவரை எந்த அதிகாரியும் எளிதில் நம்ப இயலாது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பயிர்க்கடன் கோருவோரிடம் பாங்கி கேட்பது சிட்டாவும் அடங்கலும். உழுகிறவர் பெயர் அடங்கலில் இல்லாவிடின், அவர் எவ்வளவு நாணயஸ்தராயினும் மண்டிக்கே திரும்பவேண்டியிருக்கும். வாய்மொழிக் குத்தகைதாரர் நிலை இதுவே. அவர்கள் நான்கு முதல் பத்துப் பேர் வரை கூடி, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் குழுவாகக் கடன் பெறும் முறை உண்டு. இதனை அவர்களுக்கு எடுத்துரைப்பதும், அடங்கலைப் பருவந்தோறும் வயலில் நேரிற் பார்த்து எழுதுவதும் கிராம அதிகாரிகளால் செய்யக்கூடிய பேருதவியாகும். குடியானவர்களும் அடுத்த பட்டத்திற்கு மண்டியில் கைநீட்டுமுன், அருகிலுள்ள பாங்கியிலும் விற்பனைக் கூடத்திலும் வட்டி, தவணை, வாடகை ஆகிய மூன்றையும் விசாரித்து, தம் கையால் கணக்கிட்டுப் பார்ப்பார்களாக.