சாவியும் இல்லை, டைட்டிலும் இல்லை: பழைய காரைத் தானம் கொடுக்க முடியுமா?

அமெரிக்கப் புறநகர்களில் வீட்டு வாசலோரம் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்களைப் பார்க்கலாம். பேட்டரி இறங்கி, டயரில் காற்று போய், பதிவு காலாவதியாகிக் கிடக்கும். ஓட்டியவர் இறந்திருப்பார், அல்லது வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போயிருப்பார், அல்லது புது வண்டி வாங்கிய பிறகு பழையதை விற்க நேரமில்லாமல் விட்டிருப்பார். ஏதாவது தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் முடிவெடுக்கும்போதுதான் சாவியைக் காணோம் என்பது தெரியவரும். கூடவே வண்டியின் உரிமைச் சான்றான டைட்டிலையும் காணோம்.

இந்த நிலையில் காரைக் கொடுக்க முடியுமா? சாவி இல்லாவிட்டால் பெரும்பாலும் முடியும். ஏலத்தில் விலைதான் குறையும். டைட்டில் இல்லாவிட்டால் முதலில் நகல் டைட்டில் வாங்க வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டுக் கொடுப்பது பெறுபவருக்கும் பயன்படாது, கொடுப்பவருக்கும் ஆபத்து.

கொடுத்த கார் எங்கே போகிறது?

நன்கொடையாக வரும் கார்களைத் தொண்டு நிறுவனங்களே ஓட்டிப் பயன்படுத்துவது அரிது. பொது வானொலி நிலையங்களுக்கு உதவும் ‘கார் டாக்’ திட்டம், வீடு கட்டித்தரும் ‘ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி’ அமைப்பின் ‘கார்ஸ் ஃபார் ஹோம்ஸ்’ திட்டம் போன்றவற்றில் கார் விற்கப்பட்டு, செலவு போக மிஞ்சும் பணம்தான் தொண்டுக்குச் சேர்கிறது. நன்கொடையாளர் அழைத்ததும் டோ ட்ரக் வந்து வண்டியை இலவசமாக எடுத்துச் செல்லும். ஓடக்கூடிய வண்டி ஏலத்துக்குப் போகும். ஓடாதது உதிரிபாகங்களுக்காகவோ இரும்பு எடைக்கோ காயலான் கடைக்குப் போகும். இந்த வேலையைப் பல தொண்டு நிறுவனங்கள் இதற்கென்றே இயங்கும் இடைநிலை அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன.

சில அமைப்புகள் வேறு வழியில் செல்கின்றன. 1999-இல் மேரிலாந்தில் தொடங்கிய ‘வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச்’, வரும் கார்களில் நல்லவற்றைப் பழுதுபார்த்து, வேலைக்குப் போக வண்டி இல்லாத குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சேர்க்கிறது. பேருந்து வசதி குறைந்த அமெரிக்க ஊர்களில் ஒரு பழைய கார்கூட ஒரு குடும்பத்தின் பிழைப்பையே மாற்றும்.

எந்த வழியில் போனாலும் வண்டி வேறொருவர் பெயருக்கு மாறியாக வேண்டும். டைட்டிலின் முக்கியத்துவம் அங்கேதான்.

சாவி இல்லையென்றால்

சாவி இல்லாத காரை இழுத்துச் செல்வதே முதல் சிக்கல். ஆட்டோமேட்டிக் வண்டி ‘பார்க்’ நிலையிலேயே பூட்டிக் கிடக்கும், நியூட்ரலுக்கு வராது. ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். சக்கரங்களுக்கு அடியில் சிறு உருளை வண்டிகளைக் கொடுத்துத்தான் மேலே ஏற்ற வேண்டும். வண்டி குறுகலான கராஜுக்குள்ளோ சுவரை ஒட்டியோ நின்றால் இது இன்னும் கடினம். அதனால்தான் பதிவு செய்யும்போதே சில கேள்விகள் வரும்: நான்கு டயர்களும் இருக்கின்றனவா, காற்று நிற்கிறதா, டோ ட்ரக் அருகே வர இடம் இருக்கிறதா, சாவி இருக்கிறதா? உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பொருத்தமான கருவியோடு வருவார்கள்; அல்லது தங்களால் எடுக்க இயலாது என்று முன்னதாகவே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது விலை. சாவி இல்லாத காரை ஏலத்தில் ஸ்டார்ட் செய்து காட்ட முடியாது. என்ஜின் நிலை தெரியாத வண்டிக்கு யாரும் துணிந்து விலை கேட்கமாட்டார்கள்; நன்றாக ஓடக்கூடிய கார்கூட உதிரிபாக விலைக்குப் போய்விடலாம்.

புதுச்சாவி செய்துகொள்ளலாமா? 1981 மாடலிலிருந்து அமெரிக்காவில் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட வின் எண் உண்டு. அதையும், உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்கான அடையாள அட்டையையும் பதிவுச் சீட்டையும் காட்டினால் டீலர் சாவி செய்து தருவார். 1990-களின் பிற்பகுதிக்கு முந்தைய பல வண்டிகளுக்குச் சாதாரண உலோகச் சாவி போதும், செலவு குறைவு. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலும் சிப் பதித்த சாவிதான். அதை வண்டியின் கணினியோடு இணைக்க வேண்டும். ஸ்மார்ட் சாவி என்றால் செலவு சில நூறு டாலரைத் தொடும். ஓடக்கூடிய, ஓரளவு விலைபோகும் காருக்கு அந்தச் செலவு தகும். உடைப்புக்குப் போகும் வண்டிக்குத் தேவையில்லை.

டைட்டில் ஏன் விட முடியாதது?

தமிழ்நாட்டில் ஆர்.சி. புத்தகம் ஒன்றிலேயே பதிவு விவரம், உரிமையாளர் பெயர், வங்கிக் கடன் குறிப்பு எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் பதிவுச் சீட்டு வேறு, டைட்டில் வேறு. பதிவுச் சீட்டு வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. வண்டி யாருடையது, அதன்மேல் யாருக்குக் கடன் பாத்தியதை உண்டு என்பதைச் சொல்வது டைட்டில். அதை வழங்குவது மாநில மோட்டார் வாகனத் துறை; டி.எம்.வி. என்று பரவலாக அழைக்கப்படும் அலுவலகம். டைட்டிலில் உரிமையாளர் கையெழுத்திட்டுக் கொடுப்பதே கை மாற்றம்.

கூட்டாட்சிச் சட்டமும் இதில் நுழைகிறது. வண்டி கை மாறும்போது ஓடோமீட்டர் காட்டும் மைல் கணக்கை உரிமையாளர் டைட்டிலிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2011 மாடலிலிருந்து வந்த கார்களுக்கு இந்தக் கடமை 20 ஆண்டுகள் நீடிக்கும். டைட்டில் இல்லாமல் தொண்டு நிறுவனம் அந்த வண்டியை முறையாக விற்க இயலாது. திருட்டு வண்டிகளும், தகராறில் உள்ள வண்டிகளும் தானம் என்ற பெயரில் கை மாறுவதைத் தடுக்கும் வேலியும் இந்தத் தாள்தான்.

தொலைந்த டைட்டிலை மீட்கும் வழி

டைட்டில் உங்கள் பெயரில் இருந்து, தாள் மட்டும் தொலைந்திருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் ஆர்.இ.ஜி. 227 என்ற படிவம் ஒன்றே மாற்று டைட்டில் கேட்கவும் பெயர் மாற்றவும் உதவும். டெக்சாஸில் வி.டி.ஆர்-34 படிவம், கட்டணம் தபாலில் 2 டாலர், நேரில் 5.45 டாலர். நியூயார்க்கில் எம்.வி-902 படிவம், 20 டாலர். நியூயார்க்கில் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டிலே வழங்கப்படுவதில்லை. அங்கே பதிவு ஆவணமே அதன் இடத்தில் நிற்கும்.

கார் கடனில் வாங்கியதாக இருந்தால் வேறொரு முடிச்சு உண்டு. கடனைக் கட்டி முடித்திருந்தாலும் வங்கியின் பெயர் பதிவில் அப்படியே இருக்கலாம். வங்கியிடமிருந்து கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் வாங்கினால்தான் டைட்டில் உங்கள் கைக்கு வரும். அந்த வங்கியே திவாலாகி மூடப்பட்டிருந்தால் வைப்புக் காப்பீட்டு நிறுவனமான எஃப்.டி.ஐ.சி.யை அணுகலாம், மூடப்பட்ட வங்கிகளின் விடுவிப்புக் கடிதங்களை அது வழங்குகிறது.

உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், மகனோ மகளோ தன் விருப்பத்துக்கு வண்டியைத் தூக்கிக் கொடுக்க முடியாது. முதலில் வாரிசு உரிமை நிலைநாட்டப்பட வேண்டும். பல மாநிலங்களில் சிறிய சொத்துகளுக்கு நீதிமன்றம் போகாமல் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றிலேயே இதை முடிக்கலாம். கலிபோர்னியாவில் இறப்புக்கு 40 நாள் கழித்து ஆர்.இ.ஜி. 5 படிவத்தைக் கொண்டு இதைச் செய்யலாம். டைட்டிலில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பெயர்களுக்கு இடையே ‘மற்றும்’ என்று இருந்தால் பல மாநிலங்களில் இருவரும் கையெழுத்திட வேண்டும், ‘அல்லது’ என்று இருந்தால் ஒருவர் போதும்.

யாரிடமோ வாங்கி, பெயரை மாற்றாமலே விட்ட வண்டிதான் கடினமானது. பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது முதல் வழி. முடியாவிட்டால் பல மாநிலங்களில் பிணைப்பத்திர டைட்டில் என்ற ஏற்பாடு உண்டு. டெக்சாஸில் வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்குக்குப் பிணைப்பத்திரம் எடுக்க வேண்டும். அது 3 ஆண்டு நடப்பில் இருக்கும். அதற்குள் உண்மையான உரிமையாளர் வந்தால் இழப்பீடு அதிலிருந்து போகும்.

வாடகைக்கு இருந்தவர் விட்டுச்சென்ற காரோ, யாரோ உங்கள் இடத்தில் நிறுத்திவிட்டுப் போன காரோ உங்களுடையது அல்ல. அதைத் தானம் செய்யும் உரிமை உங்களுக்கில்லை. கைவிடப்பட்ட வாகனங்களுக்கென மாநிலச் சட்டம் சொல்லும் நடைமுறைப்படி காவல்துறையிடமோ மாநகராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும்.

வேலை முடித்து ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். நகல் டைட்டில் பெரும்பாலும் பதிவில் உள்ள முகவரிக்குத் தபாலில்தான் வரும். வீட்டைக் காலி செய்து விமானம் ஏறிய பிறகு அது யார் கைக்குப் போகும்? பயண நாளுக்குச் சில வாரங்கள் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அல்லது நம்பகமான ஒருவருக்கு, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

வெற்றுக் கையெழுத்து வேண்டாம்

சாவியும் வேண்டாம், டைட்டிலும் வேண்டாம், ஒரு கையெழுத்துப் போதும் என்று அழைக்கும் விளம்பரங்கள் உண்டு. முறையான அமைப்பு அப்படிச் சொன்னால், நகல் டைட்டிலைத் தாங்களே வாங்கிக்கொள்ள உங்களிடம் அதிகாரப் பத்திரம் கேட்பார்கள் என்று பொருள். அதில் வண்டியின் வின் எண்ணும், யாருக்கு அதிகாரம் தரப்படுகிறது என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சில மாநிலங்களில் பழைய வண்டியை உடைப்புக்கு மட்டும் வேறு ஆவணங்களைக் கொண்டு கொடுக்கவும் இடமுண்டு. இவை சட்டப்படியான வழிகள்.

வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் டைட்டில் அப்படியல்ல. அந்தத் தாள் பலர் கைக்குப் போகலாம்; அரசுப் பதிவில் உரிமையாளராக நீங்களே தொடர்வீர்கள். சுங்கக் கட்டணமும் பார்க்கிங் அபராதமும் உங்கள் வீடு தேடி வரும். அந்த வண்டி விபத்துக்குள்ளானால் விசாரணையும் முதலில் உங்களிடமே வரும். ஆகவே பெறும் அமைப்பின் பெயரை டைட்டிலில் எழுதி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கை மாறிய தகவலை டி.எம்.வி.க்கு நீங்களே தெரிவியுங்கள். கலிபோர்னியாவில் இதற்குக் காலக்கெடு 5 நாள்.

வரிச்சலுகை எவ்வளவு?

ஒரு காலத்தில் நன்கொடையாளர்கள் பழைய கார் விலைக் கையேட்டில் உள்ள விலையைப் போட்டு வரிக்கழிவு கேட்டார்கள். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 54 நன்கொடைகளை ஆராய்ந்தது. மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் கணக்கில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2004-இல் வந்த சட்டம் 2005 முதல் இதை மாற்றியது.

இப்போது விதி இதுதான். கார் 500 டாலருக்கு மேல் விற்றால், விற்ற தொகைதான் உங்கள் வரிக்கழிவு. 3,000 டாலர் பெறும் என்று நீங்கள் நினைத்த கார் 900-க்கு ஏலம் போனால் 900 மட்டுமே. 500 அல்லது அதற்குக் கீழ் விற்றால், சந்தை மதிப்பு அல்லது 500 டாலர், இவற்றில் எது குறைவோ அதைக் கேட்கலாம். தொண்டு நிறுவனம் வண்டியைத் தானே கணிசமாகப் பயன்படுத்தினாலோ, பெரிய அளவில் பழுதுபார்த்தாலோ, ஏழைக்கு மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலோ முழுச் சந்தை மதிப்பையும் கேட்கலாம். 500 டாலருக்கு மேல் கழிவு கேட்க 1098-சி படிவம் கட்டாயம். விற்ற 30 நாளுக்குள் தொண்டு நிறுவனம் அதை உங்களுக்குத் தர வேண்டும்.

இந்தக் கழிவு, செலவுகளை இனம்வாரியாகக் காட்டி வரிக்கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டுமே. 2025-க்கான நிலையான கழிவு தனிநபருக்கு 15,750 டாலர், தம்பதிக்கு 31,500 டாலர். அதை எடுத்துக்கொள்ளும் பெரும்பாலோருக்குக் கார் தானத்தால் வரியில் ஒரு டாலர்கூட மிச்சமில்லை. 2026 முதல் இவர்களுக்கும் வந்துள்ள நன்கொடைச் சலுகை ரொக்கத்துக்கு மட்டும்தான், காருக்குப் பொருந்தாது. 22 சதவீத வரம்பில் உள்ளவர் 900 டாலர் கழிவு பெற்றாலும் மிச்சம் 198 டாலர்தான். வரிக்காகக் கொடுப்பவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டி கிளம்பும் முன்

அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் தொண்டு நிறுவனத்தின் பெயரைத் தேடி, வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்புக்கான 501(சி)(3) தகுதி உள்ளதா என்று பாருங்கள். விற்ற பணத்தில் எத்தனை பங்கு தொண்டுக்குச் சேர்கிறது என்று நேராகக் கேளுங்கள். வண்டிக்குள் இருக்கும் காகிதங்கள், சுங்கச் சாவடி டேக், கராஜ் ரிமோட் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு: கலிபோர்னியாவில் அது பொதுவாக வண்டியோடு போகும், நியூயார்க்கில் கழற்றி டி.எம்.வி.யிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன் காப்பீட்டை ரத்து செய்யக் கூடாது. எடுத்துச் செல்பவரிடம் ரசீது வாங்காமல் வண்டியை அனுப்பாதீர்கள்.

சாவியைத் தேடி வீட்டைப் புரட்டிப் போடும் நேரத்தில் நகல் டைட்டிலுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிவிடுங்கள். சில டாலர் செலவும் சில வாரக் காத்திருப்பும்தான். உங்கள் கார் தொண்டுக்கு உண்மையில் பயன்படுவதும், நாளை உங்கள் பெயருக்கு வம்பு வராமல் இருப்பதும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.