முதல் குரல் யாருடையது?

ஆபத்தை அறிவிக்கக் கருவிகள் பல உண்டு. அறிவிப்பவர் யார், எந்த நிமிடத்தில் என்பதைக் கல்லூரிகள் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

2005 டிசம்பர் 28. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் டாடா அரங்கில் நடந்த சர்வதேச மாநாட்டின் அன்றைய அமர்வுகள் முடிந்து விஞ்ஞானிகள் வெளியே வந்துகொண்டிருந்தனர். மணி ஏழைக் கடந்திருந்தது. திடீரென்று துப்பாக்கி முழங்கியது. டெல்லி ஐ.ஐ.டி.யின் மூத்த கணிதப் பேராசிரியர் எம்.சி. பூரி உயிரிழந்தார். நால்வர் காயமடைந்தனர். சுட்டவர் இருளில் தப்பினார்.

ஏறக்குறைய 400 ஏக்கர் வளாகம். அடர்ந்த மரங்கள், ஆய்வுக்கூடங்கள், விடுதிகள், குடியிருப்புகள். இப்படிப்பட்ட இடத்தில் ஆயுதத்தோடு ஒருவர் நடமாடினால் அத்தனை பேருக்கும் எப்படிச் சொல்வது? அறைக்குள் இருக்கச் சொல்வதா, வெளியேறச் சொல்வதா? அந்த இரவு எல்லாக் கல்லூரிகளுக்கும் விட்டுச்சென்ற கேள்வி இது.

பதில் தாமதமானால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2007 ஏப்ரல் 16 அன்று காட்டியது. காலை 7.15 மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டனர். கொலையாளி வளாகத்தை விட்டுப் போயிருக்கலாம் என்று போலீஸ் நினைத்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9.26 மணிக்கு. அதற்குள் வகுப்புகள் தொடங்கியிருந்தன. சில நிமிடங்களில் அதே கொலையாளி வகுப்பறைகளில் மேலும் 30 பேரைக் கொன்றான். அவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்.

ஆபத்து உறுதியானதும் வளாகத்தை உடனே எச்சரிக்க வேண்டும், அந்த ஏற்பாட்டை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று 2008-ல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2015-ல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் உயரமான சுற்றுச்சுவர், முள்வேலி, கண்காணிப்பு கேமரா ஆகியவற்றை வலியுறுத்தின. சுவர் ஆபத்தை வெளியே நிறுத்தலாம். உள்ளே வந்துவிட்ட ஆபத்தை அது யாருக்கும் சொல்லாது.

கல்லூரி மௌனம் காத்தால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். 2012 ஆகஸ்டில் பெங்களூர் அதைக் கண்டது. அசாம் கலவரத்துக்குப் பின், ரம்ஜான் முடிந்ததும் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவார்கள் என்று குறுஞ்செய்திகள் பறந்தன. மாணவர்கள், ஹோட்டல் ஊழியர்கள், காவலாளிகள் என ஆயிரக்கணக்கானோர் ரயில் நிலையத்தில் குவிந்தனர். அரசு தைரியம் சொன்ன பிறகும் குவாஹாட்டி சிறப்பு ரயில்கள் நிரம்பின. மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு 15 நாள் தடை விதிக்க வேண்டியதாயிற்று.

2023 டிசம்பர் 1 அன்று மீண்டும் பீதி. நகரிலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் பள்ளி வாசல்களுக்கு ஓடினர். சோதனையில் எதுவும் சிக்கவில்லை. பொய் மிரட்டலுக்கும் நிஜமான அறிவிப்பு தேவை என்பதே அன்றைய பாடம்.

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2023 அக்டோபர் 12 அன்று நடந்த அரசின் சோதனையில் கர்நாடகத்தில் செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின. கல்லூரிகளுக்கும் சைரன், ஒலிபெருக்கி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் உண்டு. ஆனால் மொத்தக் குறுஞ்செய்தியின் வாசகத்தைத் தொலைத்தொடர்பு விதிகளின்படி முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு வாசகம் தேட முடியாது.

நல்ல எச்சரிக்கை சுருக்கமானது: என்ன ஆபத்து, எந்த இடத்தில், இப்போது என்ன செய்ய வேண்டும், அடுத்த தகவல் எப்போது. பெங்களூரில் அது கன்னடம், ஆங்கிலத்தோடு இந்தியிலும் தமிழிலும்கூட இருப்பது நல்லது. உணவுக்கூட ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் வளாகத்தைச் சேர்ந்தவர்களே. மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர்கள் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், கட்டளை தருபவர் யார் என்பது முடிவாகியிருக்க வேண்டும். முதல்வர் ஊரில் இல்லை, பதிவாளர் போனை எடுக்கவில்லை என்றால் இரவுக் காவல் அதிகாரியே சைரனை ஒலிக்கலாமா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத கல்லூரியில், எத்தனை லட்சம் செலவழித்துச் சைரன் வாங்கினாலும் அது ஒலிக்க நேரமாகும். வர்ஜீனியாவில் ஆனது இரண்டு மணி நேரம்.