‘சூசை’ என்னும் பெயர்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பாட்டி “அவர் பெயரையே வையுங்கள்” என்றார். ‘அவர்’ என்றது காலஞ்சென்ற என் தாத்தாவை. தாத்தாவின் பெயர் சூசை. அந்தக் காலத்து வழக்கப்படி பாட்டி ஒருநாளும் அந்தப் பெயரைத் தம் வாயால் சொன்னதில்லை.

நான் யோசிக்காமல் சிரித்துவிட்டேன். “சூசையா? பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். ஜோசப் என்று வையுங்கள், அழகாக இருக்கும்” என்றேன். பாட்டி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளி திறந்ததும் எங்கள் தமிழாசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சொல்லக் கேட்டும், நூலகத்தில் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஜோசப் வேறு, சூசை வேறு அல்ல. இரண்டும் ‘யோசேஃப்’ என்ற ஒரே எபிரேயப் பெயரிலிருந்து வந்தவை. ‘அவர் மேலும் கூட்டித் தருவாராக’ என்பது அதன் பொருள். தொடக்கநூலில் யாக்கோபின் மனைவி இராக்கேல் பல ஆண்டுகள் பிள்ளையின்றி வருந்துகிறார். பிறகு ஒரு மகன் பிறந்ததும், ஆண்டவர் இன்னொரு மகனையும் தரவேண்டும் என்று வேண்டி அவனுக்கு இப்பெயரை இடுகிறார். அந்த யோசேப்பு வளர்ந்து, எகிப்தில் செழிப்பான ஏழு ஆண்டுகளில் தானியத்தைச் சேர்த்து வைத்து, பின்வந்த ஏழு ஆண்டுப் பஞ்சத்தில் மக்களைக் காத்தார். இயேசுவை வளர்த்த தச்சரான புனிதருக்கும் இதே பெயர்தான்.

நாடுதோறும் இப்பெயர் உருமாறியது. இத்தாலியர் ‘ஜுசெப்பே’ என்றனர். அரபியில் அது ‘யூசுப்’ ஆயிற்று. திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்திற்கு அதுவே பெயர். போர்த்துக்கீசியரின் ‘ஜோசே’ தமிழர் நாவில் ‘சூசை’ என்றாகியது. சித்தப்பாவுடன் வேலை செய்யும் நண்பர் ஒருவரின் பெயர் யூசுப். அவருக்கும் என் தாத்தாவுக்கும் ஒரே பெயர் என்பது எனக்கு எவ்வளவு வியப்பாக இருந்தது தெரியுமா!

இன்னொருவர் இப்பெயரின் ஓசையை விட்டு, பொருளை எடுத்துக்கொண்டார். அவர்தான் 1680இல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு அவர் இயற்றிய ‘தேம்பாவணி’ 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உடைய பெருங்காப்பியம். கூட்டுதல், பெருகுதல் என்ற பொருளை மனத்தில் கொண்டு, அதில் சூசையப்பருக்கு ‘வளன்’ என்று அவர் பெயரிட்டார். வளம் என்ற சொல்லிலிருந்து பிறந்த தூய தமிழ்ப் பெயர் அது.

சூசையப்பர் உழைப்பாளர்களின் பாதுகாவலர். மே முதல் நாளை அவருடைய திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்தினார். தொழிற்சாலைகள் நிறைந்த நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அடுத்த ஞாயிறு பாட்டியிடம் சென்று மன்னிப்புக் கேட்டு, இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், “வளன் என்றாலும் அவர் பெயர்தானா?” என்று இருமுறை கேட்டார். குழந்தைக்கு ‘வளன் சூசை’ என்று திருமுழுக்குப் பெயர் சூட்டினோம். தாத்தாவின் பெயரைச் சொல்லாத பாட்டி இப்போது நாள்தோறும் “வளன், வளன்” என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்.

‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ என்றாயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தோழியரே! பழைய பெயர் ஒன்றைக் கேட்டால் என்னைப்போல் சிரித்துவிடாதீர்கள். அதன் பொருள் என்னவென்று முதலில் கேளுங்கள். அது எத்தனையோ கடல் கடந்து, எத்தனையோ தலைமுறை நடந்து நம் வீட்டு வாசலுக்கு வந்திருக்கக்கூடும்.