வீட்டு ரவுட்டரில் வி.பி.என் வைக்கப் போறீங்களா? முதல்ல 'கதவு எண்'ணை மாத்துங்க!

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தறிக்கூடத்தில் கேமரா, கம்ப்யூட்டரில் ஜக்கார்டு டிசைன்கள். வியாபார விஷயமாக சென்னை தி.நகர் கடைக்குப் போனவர், அங்கிருந்தே டிசைனை எடுத்துக் காட்ட வேண்டும்.

இதற்காகப் பலர் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து, கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். அந்தக் கதவை உலகில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால், பல நாள் உழைத்து வரைந்த டிசைன் ஒரு நிமிடத்தில் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

பாதுகாப்பான வழி, ரவுட்டரிலேயே வி.பி.என் சர்வர். விளம்பரங்களில் வரும் வி.பி.என் ஆப்கள், உங்கள் போனை ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரோடு இணைக்கும். இதுவோ உங்கள் வீட்டோடு மட்டும் இணைக்கும்.

'கனெக்டட்' என்கிறது... கேமரா வரவில்லையே?

சன்னதி தெருவிலும் 12-ம் எண் வீடு இருக்கும். பக்கத்துத் தெருவிலும் இருக்கும். வீட்டு நெட்வொர்க்கும் அப்படித்தான். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடுதான் வருகின்றன. உங்கள் கேமரா 192.168.1.20. தி.நகர் கடை வைஃபையும் அதே வரிசை என்றால், போன் குழம்பி, கேமராவைக் கடைக்குள்ளேயே தேடக்கூடும்.

அதனால் மூன்று வரிசைகளும் வேறு வேறாக இருக்க வேண்டும்: வீடு, வி.பி.என், நீங்கள் போகும் இடம். போகும் இடத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

செய்ய வேண்டியவை

1. ரவுட்டர் பக்கத்தில் 'வான் ஐ.பி' எண்ணைப் பாருங்கள். கூகுளில் 'வாட் இஸ் மை ஐ.பி' என்று தேடினால் வரும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், ஒரே பொது எண்ணைப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள் என்று பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. இணைய நிறுவனத்திடம் 'பப்ளிக் ஐ.பி' கேளுங்கள். கூடுதல் கட்டணம் இருக்கலாம்.

2. கேமரா, பிரின்டர் எதிலாவது கையால் எண் போட்டிருந்தால், குறித்துவைத்துக்கொண்டு 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். இல்லையென்றால் அடுத்த படியில் அவை காணாமல் போகும்.

3. வீட்டு வரிசையை 192.168.73 போல, பிறர் அதிகம் வைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள். பிறகு கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டரிலேயே நிரந்தர எண் ஒதுக்குங்கள்.

4. வி.பி.என்-க்குத் தனி வரிசை, உதாரணமாக 10.73.5. 'வயர்கார்டு' என்றால் ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி, தனி எண். ஒரே சாவியை இரண்டு போனில் போட்டால் இணைப்பு அறுந்து அறுந்து வரும்.

5. ஃபைபர் பெட்டி, சொந்த ரவுட்டர் என இரண்டு இருந்தால், இரண்டுக்கும் ஒரே வரிசை கூடாது. முதல் பெட்டியிலிருந்து வி.பி.என் போர்ட்டை மட்டும் (வயர்கார்டுக்கு வழக்கமாக 51820) இரண்டாவதுக்குத் திருப்புங்கள்.

6. வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வேலை செய்தால், கேமராவுக்குத் திறந்த பழைய போர்ட்களை மூடுங்கள். இதை மறந்தால் செய்ததெல்லாம் வீண்.

சட்டச் சிக்கல் வருமா?

2022 ஏப்ரலில் 'செர்ட்-இன்' அமைப்பு வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொன்னது பொதுமக்களுக்கு வி.பி.என் சேவை வழங்கும் நிறுவனங்களை. சொந்த வீட்டுக்குள் நுழைய நீங்களே வைக்கும் சர்வர் அந்த வகையில் வராது.

போன் தொலைந்தால் சிம்மை முடக்குவதோடு நிற்காதீர்கள். ரவுட்டரில் அந்தப் போனின் சாவியையும் அன்றே நீக்குங்கள். வேறு யாருடைய சாவியையும் மாற்ற வேண்டியதில்லை.