மசாய் மாரா: பட்டா யார் பெயரில்?

கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகத் திட்டமிடும் குடும்பம் முதலில் விசாரிப்பது அறை வசதி, சைவச் சாப்பாடு, நீச்சல் குளம், சிங்கம் நிச்சயம் கண்ணில் படுமா என்பவற்றைத்தான். தங்கப்போகும் லாட்ஜ் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே விலங்குகளை எப்படிப் பார்க்கப் போகிறோம், நாம் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேரும், அடுத்த தலைமுறைக்கும் அந்த விலங்குகள் மிஞ்சுமா என்ற மூன்றுக்கும் விடை பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

மசாய் மாரா தேசியக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நாரோக் மாவட்ட அரசு அதை நிர்வகிக்கிறது. சுற்றிலும் வேலி கிடையாது. யானையும் வரிக்குதிரையும் எல்லை தாண்டி மசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களுக்குள் போய்வருகின்றன. கென்யாவின் காட்டுவிலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாழ்வது இப்படிக் காப்பகங்களுக்கு வெளியேதான். ஒரு காலத்தில் ஊர்ப் பொதுவாக இருந்த இந்த மேய்ச்சல் நிலம் பின்னர் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டுக் குடும்பத் தலைவர்கள் பெயரில் பட்டாவானது. பட்டா கைக்கு வந்தவர் வேலி போடலாம், உழலாம், விற்கலாம். வேலி எழும்பினால் விலங்குகளின் வழி அடைபட்டுப் போகும். அதற்கு மாற்றாகத்தான் 2005-ஐ ஒட்டி ‘கன்சர்வன்சி’ என்ற ஏற்பாடு இங்கே வேர்பிடித்தது. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து லாட்ஜ் நடத்துவோருக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் குத்தகைப் பணம் நிலக்காரரின் கணக்குக்கே போகிறது. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 2010-இல் உருவான நாபோய்ஷோ கன்சர்வன்சியில் மட்டும் சுமார் 500 நிலக்காரர்கள் இருக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் இந்த ஏற்பாட்டை முறைப்படி அங்கீகரித்தது.

விருந்தினரின் பொழுதுபோக்கும் இதனால் மாறுகிறது. தேசியக் காப்பகத்துக்குள் பகலில் ஜீப்பில் அமர்ந்து, தடத்தை விட்டு இறங்காமல் பார்ப்பதுதான் விதி. கன்சர்வன்சியில் வழிகாட்டியோடு நடக்கலாம், இருட்டிய பிறகும் சுற்றலாம். நடக்கும்போது கண்ணுக்குப் படுபவை வேறு. கரிசல் மண்ணில் வளரும் ஒரு வேல மரத்தின் முள்ளடி பந்துபோல் வீங்கி உள்ளே கூடாக இருக்கும். எறும்புகள் அதில் ஓட்டை போட்டுக் குடியிருக்கும். ஒட்டகச்சிவிங்கி இலையில் வாய் வைத்ததும் அவை திரண்டு வந்து அதன் நாக்கைக் கடிக்கும்; அந்தக் காவலுக்கு மரம் தேன் சுரந்து கூலி கொடுக்கிறது. காற்றடித்தால் அந்த ஓட்டைகள் சீட்டி அடிக்கும். ஓடும் ஜீப்பிலிருந்து பார்த்தால் இது வெறும் முள்மரம். இரவுச் சவாரியில் சிவப்புக் கண்ணாடி போட்ட விளக்கொளியில், பகலெல்லாம் வளைக்குள் கிடந்த தாவுமுயலும் மரநாயின் உறவான ஜெனட்டும் வெளியே வருவதைக் காணலாம்.

கன்சர்வன்சிகள் கூட்டத்தைக் குறைப்பது விருந்தினரின் நிம்மதிக்காக மட்டும் அல்ல. சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. ஜீப்புகள் சூழ்ந்தால் அதன் வேட்டை கெடும். மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, சுற்றுலாக் கூட்டம் மிகுந்த பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலிகள் ஆளாக்கிய குட்டிகளின் சராசரி சுமார் 0.2 என்றும், கூட்டம் குறைந்த பகுதிகளில் 2.3 என்றும் கணித்தது. ஒலாரே மோட்டோரோகி கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று வரம்பு வைத்திருப்பதன் நியாயம் இந்த எண்களில் தெரிகிறது.

இது பணக்காரர்களுக்கான ஏற்பாடுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆள் குறைந்தால் கட்டணம் ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரே வாரத்தில் நான்கு பூங்காக்களைச் சுற்றி, பாதி நாளைச் சாலையிலேயே கழிக்கும் பயணத்துக்கும் செலவு குறைவில்லை. அதே பணத்தில் ஓரிடத்தில் மூன்று இரவு தங்குவது லாபம். மேய்ச்சல்காரர் வயிற்றில் அடித்து விருந்தினருக்கு இடம் ஒதுக்குகிறார்கள் என்பது இன்னும் கனமான குற்றச்சாட்டு. தொடக்கத்தில் சில இடங்களில் மாடுகளுக்குக் கடுமையான தடை இருந்தது, பூசலும் வந்தது. இன்று பல கன்சர்வன்சிகள் முறைவைத்து மேய்ச்சலுக்கு நிலத்தைத் திறந்துவிடுகின்றன. ஆனாலும் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணம் பெண்கள் கைக்கு நேரே வருவதில்லை. 2020-இல் கொரோனா வந்து விருந்தினர் வரத்து நின்றபோது குத்தகையைக் குறைத்துப் பேச வேண்டியும் வந்தது. சுற்றுலாவை மட்டுமே நம்பியிருக்கும் வருமானம் எவ்வளவு பலவீனமானது என்று அந்த ஆண்டு காட்டிவிட்டது. இவை திருத்தப்பட வேண்டிய குறைகள். அதற்காக ஏற்பாட்டையே கைவிட்டால் நிலக்காரருக்கு எஞ்சும் வழி வேலியும் உழவும் விற்பனையும்தான். வாடகை தராத சிங்கத்துக்காகத் தன் மாட்டைப் பலிகொடுக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்கள் மாராவில் பெருமழைக் காலம். கட்டணம் குறையும், வண்டி சேற்றில் சிக்கவும் கூடும். வில்டெபீஸ்ட் மான் மந்தைகள் தெற்கே உள்ள செரங்கெட்டிச் சமவெளியிலிருந்து வந்து தங்குவது பொதுவாக ஜூலை முதல் அக்டோபர் வரை. எந்த மாதம் போனாலும் முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நிலம் யாருடையது, குத்தகைப் பணம் மாதாமாதம் போகிறதா, மொத்தம் எத்தனை கட்டில்கள், வழிகாட்டிகள் அந்த ஊர்க்காரர்களா. நல்ல லாட்ஜ் இவற்றுக்கு உடனே பதில் சொல்லும். மழுப்புகிற இடத்துக்கு உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.