பழைய கார் கிளம்ப மறுக்கும்போது

மாருதி 800 போன்ற பழைய கார்களில், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றை ஒலியோடு வண்டி அடங்கிவிடுமானால், ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், பேட்டரியின் இணைப்பு முனைகளான டெர்மினல்களில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. இந்தப் படிவு மின்னோட்டத்தைத் தடுப்பதால் நல்ல பேட்டரியும் செத்துப்போனதாகத் தோன்றும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, முனைகளை வெந்நீரால் கழுவித் தேய்த்து, ஈரம் துடைத்து, அதே வயரைக் கடைசியாக இறுக்கிப் பூட்டினாலே பல வண்டிகள் கிளம்பிவிடுகின்றன.

அதன் பின்னும் தொல்லை தொடர்ந்தால், மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் உதவும். முழுச் சார்ஜுடைய 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் ஓடாத நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டை நெருங்கவில்லையெனில், பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரோ அதைச் சுழற்றும் பெல்ட்டோ ஐயத்திற்குரியது. இவையெல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்காவிடில், இன்ஜினையும் வண்டியின் உடலையும் பேட்டரியோடு இணைக்கும் எர்த் வயர் துருவேறியிருக்க வாய்ப்புண்டு. மலிவான இந்தக் கம்பியைப் பலரும் கடைசியில்தான் நினைக்கின்றனர். புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்குமுன், அந்த எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டிப் பார்க்குமாறு மெக்கானிக்கிடம் கேட்பது நல்லது.