பழைய பாப்கேட்டுக்கு ஸ்பேர்ஸ் எங்கே கிடைக்கும்?

கப்பலின் அடிக்கிடங்கில் ஓரங்களில் ஒட்டிக் கிடக்கும் நிலக்கரியைக் கூட்டிச் சேர்ப்பதும், குப்பைக் கிடங்கில் லாரிக்கு அள்ளிப் போடுவதும், பண்ணையில் எரு வாருவதும் ஒரே வண்டிதான். ஆவணங்களில் ஸ்கிட் ஸ்டியர் லோடர் என்று எழுதுவார்கள். எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஊரில் அது பாப்கேட். புதிதாக வாங்கியவருக்கு டீலர் இருக்கிறார், வாரன்டி இருக்கிறது. ஏலத்தில் எடுத்தோ, மூன்று நான்கு கை மாறியோ வந்த பதினைந்து, இருபது வருட வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு மணி வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த இரண்டும் கிடையாது. வண்டி நின்றால் வாடகை நிற்கும், வட்டி நிற்காது.

அப்படிப்பட்டவர் டீலரிடம் போனால் வழக்கமாக இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். அந்த மாடலுக்கு ஸ்பேர்ஸ் வருவதில்லை என்பார்கள். அல்லது வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுங்கள் என்பார்கள். இந்த இரண்டாவது பதிலைக் கேட்டுவிட்டு நல்ல வண்டியைப் பழைய இரும்புக்கு எடைபோட்டவர்கள் உண்டு. அது அநியாயமான இழப்பு. அந்த வண்டிக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் பக்கத்து ஊரிலேயே வேறு பெயரில் அலமாரியில் கிடக்கிறது.

பாப்கேட் செய்கிற கம்பெனி அதன் உதிரிகள் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. சேஸிஸ், தூக்கு கை, கேபின், பக்கெட் இவற்றை அது செய்கிறது. எஞ்சினை ஒரு கம்பெனியிடமும், ஹைட்ராலிக் பம்பை இன்னொரு கம்பெனியிடமும், பேரிங், ஆயில் சீல், செயின், ஹோஸ், டயர் ஆகியவற்றை வேறு வேறு கம்பெனிகளிடமும் வாங்கிப் பூட்டுகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் தன் எண்ணைக் கொடுத்து, தன் பெட்டியில் போட்டு விற்கிறது. பெட்டிமேல் இருக்கும் எண்ணைக் கொண்டு தேடினால் பெட்டிக்காரரின் விலைதான் கிடைக்கும். பொருள்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படித்தால் சந்தை விலை கிடைக்கும்.

எந்த உதிரி சீக்கிரம் தேயும் என்பதற்கு விடை இந்த வண்டி பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1957இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற அண்ணன் தம்பியிடம் ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர் வந்தார். கொட்டகையின் தூண்களுக்கு இடையே நுழைந்து எரு வாரும் அளவுக்குச் சிறிய, மேல்தளத்திலும் ஓட்டும் அளவுக்கு எடை குறைந்த வண்டி அவருக்கு வேண்டும். முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் தானாகத் திரும்பும் ஒற்றைச் சக்கரமுமாக அவர்கள் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். மறு வருடமே வடக்கு டகோட்டாவின் மெல்ரோ கம்பெனி அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கியது. 1960இல் நான்கு சக்கரமும் இழுக்கும் எம் 400 வந்தது. 1962இல் பாப்கேட் என்ற பெயர் ஒட்டியது. ஸ்டியரிங் இல்லாமல், ஒரு பக்கச் சக்கரங்களை வேகமாகவும் மறு பக்கச் சக்கரங்களை மெதுவாகவும் சுற்ற வைத்துச் சறுக்கித் திரும்புவது அன்றும் இன்றும் அதன் இயல்பு. டயரும் ஆக்ஸில் பேரிங்கும் செயினும் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரம் தேய்வதற்கு அந்தச் சறுக்கலே காரணம்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். பெரிய பணம் போவதும், பெரிய பணம் மிச்சமாவதும் இங்கேதான்.

கேஸ் கம்பெனியின் 1845சி இன்னும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லோடர். அதில் இருக்கும் 3.9 லிட்டர் எஞ்சினின் பெயர்ப் பலகையில் கேஸ் 4-390 என்று இருக்கும். அது கேஸும் கம்மின்ஸும் கூட்டாகச் செய்த பி வரிசை எஞ்சின். சிலிண்டர் போர் 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 120. அதே வரிசையின் ஆறு சிலிண்டர் அண்ணன்தான் 5.9 லிட்டர் 6பிடி. டாடா 1613 லாரியில் ஓடியது அதுவே. போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றுதான். ஆகவே நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் டாடா கம்மின்ஸ் லாரிகளுக்குச் சாமான் விற்கிற கடைக்காரரிடம் இந்த அமெரிக்க லோடருக்கான வால்வு, கனெக்டிங் ராடு பேரிங் போன்றவை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிஸ்டனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டர்போ உள்ள எஞ்சினுக்கும் இல்லாத எஞ்சினுக்கும் பிஸ்டன் மாறும். பழையதைக் கையில் கொண்டுபோய்த் தலைப்பகுதியின் குழியையும் ரிங் பள்ளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பாப்கேட்டின் 753, 763, 773 மாடல்களில் இருப்பது குபோட்டா வி2203. போர் 87, ஸ்ட்ரோக் 92.4, நான்கு சிலிண்டர், சுமார் 2.2 லிட்டர். இதே எஞ்சின் ஜெனரேட்டர்களிலும் வெல்டிங் செட்டுகளிலும் ஓடுகிறது. காவிரிப் படுகையில் குபோட்டா நெல் அறுவடை இயந்திரங்களுக்குச் சாமான் வைத்திருக்கும் கடைகளைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த இயந்திரங்களில் பல வி2403 எஞ்சின் கொண்டவை. போர் அதே 87தான், ஸ்ட்ரோக் 102.4. டீசல் பீய்ச்சும் முறையும் பல மாடல்களில் வேறு. பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் கேட்டால் ஏமாந்து திரும்புவீர்கள். வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், பில்ட்டர் போன்றவற்றை மட்டும் எண் பார்த்துக் கேளுங்கள். எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எழுத்துகளை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போவது முக்கியம். வி2203க்குப் பின்னால் வரும் எழுத்து மாறினால் உதிரியும் மாறும்.

பேரிங் இதைவிட எளிது. உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் 6205 என்றால் உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவட்டம் 52, அகலம் 15. கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்துளை வந்துவிடும். சக்கர ஆக்ஸிலில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங். உள் கோனுக்கு ஒரு எண், வெளிக் கப்புக்கு ஒரு எண். இரண்டையும் தின்னர் போட்டுத் துடைத்துப் படித்து எழுத வேண்டும். சென்னை பிராட்வேயைச் சுற்றியுள்ள தெருக்களிலோ, கோவையிலோ பேரிங் கடையில் ஏறியதும் "எந்த வண்டிக்குண்ணே?" என்றுதான் கேட்பார்கள். வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள். இந்த எண், இந்தக் கம்பெனி, இரண்டு வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாப்கேட் என்ற சொல் காதில் விழுந்ததும் சில கடைகளில் விலை ஏறிவிடுகிறது.

ஆயில் சீலுக்கு மூன்று அளவு போதும்: ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், அகலம். அமெரிக்க வண்டி என்றால் அளவு இன்ச்சில் இருக்கும். இரண்டு இன்ச் ஷாஃப்ட் என்பது 50.8 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று 50 மில்லிமீட்டர் சீலைத் தட்டி ஏற்றினால் அது நீண்ட நாள் தாங்காது. வெர்னியர் வைத்து அளப்பவரிடம் வாங்குங்கள், கண்ணால் அளப்பவரிடம் வேண்டாம். ஹைட்ரோஸ்டாட்டிக் பம்பின் ஷாஃப்ட் சீல் தனி ரகம். உள்ளே அழுத்தம் இருப்பதால் அழுத்தம் தாங்கும் சீல்தான் அங்கே நிற்கும். அளவு சரியாக இருக்கிறதே என்று சாதா சீல் போட்டால் வெளியே தள்ளிவிடும்.

செயின் விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பல பாப்கேட்டுகளில் டிரைவ் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது எண்ணெய்க்குள் மூழ்கி ஓடும் ரோலர் செயின். அது உலகப் பொது அளவுக்குச் செய்த சாமான். 80 நம்பர் செயின் என்றால் கண்ணிக்குக் கண்ணி ஒரு இன்ச், 100 நம்பர் என்றால் ஒன்றே கால் இன்ச். கோவையில் ரோலான் செயின் செய்யும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் கம்பெனியும், சென்னையில் டயமண்ட் செயின் செய்யும் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் நாட்டின் பெரிய செயின் தயாரிப்பாளர்கள். எண்ணுக்குப் பின்னால் எச் என்ற எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பழைய செயினில் பாருங்கள். இருந்தால் பக்கத் தகடு தடிமன் கூடியது. அதற்குப் பதில் சாதாச் செயினைப் போட்டால் சறுக்கித் திரும்பும் சுமையில் நீண்டுவிடும். ஸ்ப்ராக்கெட்டின் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுச் செயினைப் பழைய பல் தின்றுவிடும்.

ஹைட்ராலிக் ஹோஸுக்கு யாரும் டீலரிடம் போகத் தேவையில்லை. ஹோஸ் பிரஸ் செய்து தருகிற கடை போர்வெல் வண்டிகள் நிறைந்த திருச்செங்கோட்டில் மட்டுமல்ல, எல்லாத் தொழில் ஊர்களிலும் இருக்கிறது. பழைய ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் தரத்தைப் பாருங்கள். ஆர்2 என்றால் உள்ளே இரண்டு அடுக்குக் கம்பிப் பின்னல். அது அதிக அழுத்தம் தாங்கும். அந்த இடத்தில் ஒற்றைப் பின்னல் ஆர்1 போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. சிலிண்டர் கசிந்தால் சிலிண்டரை மாற்றச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். ராடு விட்டமும் போரும் சொன்னால் சீல் கிட் கிடைக்கும். ராடில் கீறல் இருந்தால் ஹார்டு குரோம் போட்ட ராடை வெட்டிச் செய்து தர நல்ல லேத் பட்டறை போதும். தூக்கு கையின் பின், புஷ் எல்லாம் லேத்தில் செய்யக்கூடியவையே. வெறும் இரும்புக் கம்பியில் கடைந்து தருகிறாரா, ஈஎன்8, ஈஎன்19 போன்ற எஃகில் செய்து கடினப்படுத்தித் தருகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் வேறு சங்கதி. பக்கெட்டைத் தூக்கும் கியர் பம்ப் என்றால் மாற்று கிடைக்கும். பொருத்தும் முகப்பின் அளவு, ஸ்ப்லைன் பல் எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கு எத்தனை சிசி, சுற்றும் திசை என்று நான்கு விவரம் வேண்டும். எஸ்ஏஇ பி வகை முகப்பு என்றால் நடு வட்டம் 101.6 மில்லிமீட்டர், போல்ட் துளைகளின் இடைவெளி 146. அதோடு வழக்கமாக வருவது 13 பல் ஸ்ப்லைன். திசையைக் கவனிக்காமல் வாங்கினால் பணம் வீண். சக்கரங்களை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் பம்புக்கு மட்டும் என் கருத்து வேறு. அதைத் திறக்கத் தெரிந்தவரிடம், திறந்து மூடியபின் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி அழுத்தம் காட்டுகிறவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். மண் தரையில் வைத்துக் கழற்றிய பம்ப் திரும்ப ஓடாது. இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதல் செலவு செய்வதே சிக்கனம்.

டயர் 10-16.5 அல்லது 12-16.5 என்ற அளவில் இந்தியக் கம்பெனிகளின் தயாரிப்பே கிடைக்கிறது. ஒரே பக்கத்தின் முன், பின் சக்கரங்கள் செயினால் கட்டுண்டவை. தேய்ந்த டயரையும் புது டயரையும் ஒரே பக்கத்தில் கலந்து போட்டால் அவை ஒன்றையொன்று இழுத்துச் செயினைக் கெடுக்கும்.

கம்பெனியே செய்கிற உதிரிகளுக்கு, அதாவது கேபின், கண்ட்ரோல் லீவர், தூக்கு கைப் பாகங்களுக்கு, பிரித்துப் போட்ட வண்டிதான் வழி. அதைத் தேடும்போது பெயர்ப் பலகையில் ஏமாறாதீர்கள். ஜான் டியரின் 6675, 7775, 8875 லோடர்களைச் செய்து கொடுத்தது நியூ ஹாலண்ட். கெல் கம்பெனி 1997இல் மஸ்டாங்கை வாங்கியபின் இரண்டு பெயரிலும் ஒரே வண்டிகள் வந்தன. ஒரு பெயரில் கிடைக்காதது மற்றப் பெயரில் கிடைக்கும்.

இத்தனைக்கும் அடிப்படை, பழைய மாடலின் பார்ட்ஸ் புத்தகம் உரிமையாளர் கையில் இருப்பது. மத்திய அரசு 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தனி இணையவாசல் திறந்தபோது வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. கட்டுமான இயந்திரங்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். விற்பனையை நிறுத்திய மாடலுக்குப் புத்தகத்தைக்கூடத் தர மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

மலிவு தேடக்கூடாத இடமும் உண்டு. இருக்கைக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியின் சென்சார் கெட்டால், வயரை நேராக இணைத்து ஓட்டுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆபரேட்டர் இறங்கும்போது கால் பட்டுத் தூக்கு கை கீழே வந்து நசுக்கிய விபத்துகளைத் தடுக்கத்தான் அந்தக் கம்பியே வந்தது. அந்த சென்சாரைக் காசு கொடுத்து மாற்றுங்கள். கையைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போது அதைத் தாங்கும் இரும்புத் தாங்கியை மாட்டாமல் யாரையும் அடியில் விடாதீர்கள். ஹோஸில் கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள். ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் தோலுக்குள் பாயும். ஒரு அட்டைத் துண்டு போதும்.

பழைய பாப்கேட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பெயின்ட்டைப் பார்க்காமல் எஞ்சின் பலகையையும் வண்டியின் வரிசை எண்ணையும் முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எஞ்சினுக்கும் பம்புக்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் சாமான் கிடைக்கிறதா என்று கடையில் விசாரித்துவிட்டு, அதன்பிறகு விலை பேசுங்கள்.